பேஸ் கிட்டாரே இல்லாத ஆல்பமா?

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் சிறந்த ஆல்பம் எது என்று ரசிகர்கள் மோதும்போதெல்லாம் ஒரு கதை தலைகாட்டும்: 1988இல் வந்த ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிட்டார் வாசிக்கப்படவே இல்லையாம். இது தவறு.

1986இல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு அவர் இடத்தில் குழுவில் சேர்ந்தவர் ஜேசன் நியூஸ்டெட். ஆல்பம் முழுக்க அவர் வாசித்திருக்கிறார். முதல் பாடலான ‘பிளாக்கண்ட்’டை எழுதியவர்களில் அவர் பெயரும் உண்டு. கோளாறு, பதிவான கருவிகளின் ஒலியளவைச் சரிசெய்து ஒன்றாக்கும் ஒலிக்கலவையில்தான். டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் பேஸ் ஒலியைக் குறைக்கச் சொன்னதாகக் கலவைப் பொறியாளர் ஸ்டீவ் தாம்சனே பேட்டிகளில் கூறியிருக்கிறார். ரிதம் கிட்டாரின் அதே கோர்வைகளை நியூஸ்டெட் ஒட்டியே வாசித்ததால், மிஞ்சிய ஒலியும் கிட்டாருக்குள் கரைந்துபோனது.

சந்தேகமிருந்தால், 2009இல் வெளியான ‘கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா’ வீடியோ விளையாட்டைப் பாருங்கள். இந்த ஆல்பத்தின் சில பாடல்களில் பேஸ் அங்கே தனித் தடமாகவே இருக்கிறது. அதை எடுத்து ஒலியைக் கூட்டி ரசிகர்கள் மறுகலவை செய்தார்கள். கேட்டால், இத்தனை முறுக்கான வாசிப்பையா புதைத்தார்கள் என்று எரிச்சல்தான் வருகிறது.