நம் தோட்டத்துப் படங்கள் யார் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன?

சென்ற மாதம் எங்கள் மலேசியத் தோட்டத்து (எஸ்டேட்) அண்ணன் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருடைய சிறுவயதுப் படம் வேண்டும் என்று மகள் கேட்டாள். இருப்பது ஒரே படம்தான். தோட்டத் தமிழ்ப்பள்ளி வாசலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கும் குழுப்படம். முன்வரிசையில் ஒரு பையன் சிலேட்டைப் பிடித்திருப்பான்; வகுப்பும் ஆண்டும் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். அவனுக்கு இடப்பக்கம் அண்ணன்.

அசல் படம் 2017 நவம்பர் வெள்ளத்தில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் அக்கா வீட்டு அலமாரியோடு ஊறிப் போய்விட்டது. நகல் ஓர் இலவசச் சேமிப்புத் தளத்தில் இருந்தது. இறக்கிப் பெரிதாக்கினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். சிலேட்டில் எழுத்து இல்லை. வெள்ளைத் தீற்றல் மட்டும். இடத்தை மிச்சப்படுத்த, ஏற்றும்போதே படத்தைச் சுருக்கிவிட்டிருக்கிறார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் படங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் இனி இலவச இடத்தில் மட்டும் போட்டு வைக்கக் கூடாது என்பதே என் கட்சி. காசு கொடுத்து, நமக்கென்று இடம் பிடிக்க வேண்டும்.

நிறுவனங்களைத் திட்ட நான் வரவில்லை. வன்தட்டுக்குச் செலவு உண்டு, மின்சாரத்துக்கு உண்டு, குளிரூட்டலுக்கு உண்டு. ஆள் சேரும்வரை அந்தச் செலவை அவர்கள் தாங்குகிறார்கள்; சேர்ந்த பிறகு வரம்பு வருகிறது. படச் சேமிப்புத் தளமான ஃப்ளிக்கர் 2013-இல் ஆளுக்கு ஒரு டெராபைட் (ஆயிரம் ஜிகாபைட்) இலவசம் என்றது. 2018-இல் கைமாறியதும், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் போதும் என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2015 முதல் வரம்பில்லாமல் ஏற்றச் சொன்னது. 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிகாபைட்டுக்குள், அதிலும் மின்னஞ்சலுக்குப் பங்கு. மைஸ்பேஸ் தளத்தில் பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்தே போயின.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது இன்னொரு விதி. இரண்டு ஆண்டுகள் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் அறிவித்தது. நம் பெரியவர்கள் பலருக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததே பேரப்பிள்ளைகள்தான். தாத்தா போன பிறகு கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு காலத்தில் 256 பேர்தான் இருக்க முடிந்தது. 2022-இல் அது 512 ஆகி, பிறகு 1,024 ஆனது. வேறொரு செயலியில் எங்கள் முன்னாள் மாணவர் குழு ஒருமுறை நிரம்பிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தங்கை சேரக் கேட்டபோது, "இறந்தவர்களின் எண்களை எடுத்துவிடலாமே" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, இடம் வேண்டுமே. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நீக்கியவன் நான். அதில் ஓர் எண்ணை மனைவி இன்னும் வைத்திருந்தார். நீக்கிய மறுநாள் அழைத்து, "ஏன் தம்பி, அவரை எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதுகூட நம் ஆட்களை நாமே பட்டியல் போட்டு அனுப்பவில்லை.

பத்து காவானை நினைத்துப் பாருங்கள். நம் ஆட்கள் உழைத்த தோட்டப் பூமி அது. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தபோது அதன் கரை அங்கேதான் வந்து இறங்கியது. இன்று அது தொழிற்பேட்டை. கணினிகளுக்கான நினைவகச் சாதனங்கள் அங்கே தயாராகின்றன. படம் கேட்ட அந்தப் பெண்ணே அங்கே ஷிப்ட் வேலை பார்க்கிறாள். உலகம் தன் நினைவுகளைச் சேர்த்து வைக்கும் பெட்டிகள் அவள் கை வழியாகப் போகின்றன. அவள் அப்பாவின் முகத்துக்கு நாம் இடம் பிடித்து வைக்கவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) போதும். தைப்பூசத்தின்போது பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போட எந்த ஆண்டும் நமக்குக் கை குறைந்ததில்லை. அந்தப் பணத்தில் கட்டணச் சேமிப்பு ஒன்று, இரண்டு வன்தட்டுகள். ஒரு வன்தட்டு பட்டர்வொர்த்தில், இன்னொன்று வெள்ளம் ஏறாத வேறு ஊரில். கடவுச்சொல்லை மூன்று பேர் வைத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். இலவச இடத்தையும் விட வேண்டாம், மூன்றாவது நகலாக அது கிடக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டில் ஸ்கேனர் தயாராக இருக்கும். ஆல்பத்தோடு வாருங்கள். புலனத்தில் சாதாரணமாக அனுப்ப வேண்டாம், அங்கேயும் படம் சுருங்கும். ஒட்டிக்கொண்ட படங்களை நீங்களே பிய்க்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யப் போகிறேன். வெள்ளத்தில் போன அந்தக் குழுப்படத்தின் பின்னால் வாத்தியார் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் ஸ்கேன் செய்யவில்லை.