ஒரே விக்னெட் ஐரோப்பா முழுக்கச் செல்லாது

"ஆஸ்திரியாவில் ஒரு விக்னெட் வாங்கினால் போதும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் சாலைக் கட்டணம் இல்லாமல் கார் ஓட்டலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (விக்னெட் என்பது ஒரு நாட்டின் நெடுஞ்சாலைகளில் குறிப்பிட்ட காலத்துக்குக் கார் ஓட்ட முன்கூட்டியே வாங்கும் கட்டணச் சீட்டு.) தவறு. ஷெங்கன் என்பது எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வர ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு, சாலைக் கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியா வழியாக ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவுக்குக் கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். ஜெர்மனியில் காருக்குக் கட்டணம் கிடையாது (கொண்டுவரப் பார்த்தார்கள், 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது). ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் வேண்டும், ஆனால் அதே நாட்டுக்குள்ளேயே டாவர்ன் சுரங்கப் பகுதிக்கும், எல்லையிலுள்ள காரவாங்கன் சுரங்கத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும், விக்னெட்டைக் காட்டி ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கம் இறங்கினால் ஸ்லோவேனியா, அங்கே 2022 முதல் ஸ்டிக்கருக்குப் பதில் வண்டி எண்ணோடு சேர்ந்த மின்-விக்னெட்தான். வாங்கும்போது எண்ணையும் நாட்டையும் இரண்டு தடவை சரிபாருங்கள், கேமரா பார்ப்பது அதைத்தான்.

சுவிட்சர்லாந்தில் இன்னும் மோசம், சும்மா கடந்து போவதற்கும் 40 பிராங்க் கொடுத்து வருட விக்னெட்தான் வாங்க வேண்டும். இத்தாலி, பிரான்ஸில் விக்னெட்டே இல்லை, பெரும்பாலும் தூரத்துக்கேற்பக் கட்டணம்.

ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக் (ASFINAG), ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ் (DARS), நெடுஞ்சாலைகளை நடத்தும் இந்த நிறுவனங்களின் அதிகாரப்பூர்வ தளங்களில் இன்றைய விலையைப் பார்க்கலாம். தேடினால் முதலில் வருவது கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர் தளமாகவும் இருக்கலாம், முகவரியைக் கவனியுங்கள். அப்புறம், அந்தச் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பிய குரூப்பில் இதைப் போட்டுவிடுங்கள்.