ஏலக் கேட்லாக்கையும் கொஞ்சம் புரட்டுங்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் வரலாற்று ஆய்வு செய்கிற பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கல்வெட்டு, முதலியார் ஓலைகள் (அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்துப் பழைய ஆவணங்கள்), கோயில் கணக்கு என்பார்கள். சோத்பீஸ், கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனிகளின் பழைய கேட்லாக்கை, அதாவது ஏலத்துக்கு வந்த பொருள்களின் அச்சடித்த பட்டியலைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருந்த திருமங்கையாழ்வார் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள 1957-ஆம் வருஷத்துப் போட்டோவில் அதே சிலை கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. போட்டோவுக்கும் ஏலத்துக்கும் நடுவில் பத்தே வருஷம். அதற்குள்தான் ஆழ்வார் கடல் தாண்டியிருக்கிறார். திருப்பிக் கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டு 2024-இல் சம்மதித்தது.

கேட்லாக்கில் எதை நம்பலாம்? உயரம், ஒடிந்த விரல், பீடத்தில் விழுந்த விரிசல், இதையெல்லாம் நம்பலாம். மறைத்தால் வாங்கினவன் சண்டைக்கு வருவான் என்று விற்கிறவனுக்குத் தெரியும். யாரிடமிருந்து வந்தது என்ற வரிதான் சிக்கல். 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1970-க்கு முன்' என்று மொட்டையாக இருந்தால் நான் இன்னொரு தடவை படிப்பேன். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த வருஷம் அது; அதற்கு முன்பே வெளியே போனது என்று காட்டத்தான் அந்த வரி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய நடராஜரை 2008-இல் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியாவுக்கு விற்றபோதும் இப்படிக் காகிதம் இருந்தது, எல்லாம் போலி. (அது ஏலமல்ல, வியாபாரி நேரடியாக விற்றது. காகித வித்தை ஒன்றுதான்.) 2014-இல் சிலை திரும்பி வந்தது.

பழைய பிரதிகளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் விலையும் வாங்கியவர் பெயரும் குறித்திருப்பார்கள். அச்சடித்த பக்கத்தைவிட எனக்கு அந்தக் கிறுக்கல்தான் முக்கியம். ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் 1901 முதல் 1945 வரையிலான ஜெர்மன் ஏலக் கேட்லாக்குகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறது.

நமக்கு இதில் ஒரு தனித் தலைவலி உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும், அது கொச்சியோடு சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்தில் இருந்தாலும் இன்றைக்கும் கேரள அரசின் கையில்தான். தமிழ்நாடு என்று தேடினால் கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தூக்குவிளக்கும் மரச்சிற்பமும் எப்படி அகப்படும்? திருவிதாங்கூர், கேரளா என்றும் தேட வேண்டும். வெறுமனே 'தென்னிந்தியா' என்று போட்டிருப்பதையும் விடக்கூடாது.

அப்புறம், நடுமுற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்கல உருளிப் பாத்திரத்தை எடைக்குப் போடுவதும் செதுக்கு வேலை உள்ள கதவை வந்த விலைக்குத் தள்ளுவதும் உங்கள் இஷ்டம். வண்டியில் ஏற்றும் முன்னால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் நாலு போட்டோ எடுத்து, ஊர் பெயரையும் எழுதி வையுங்கள். நாளைக்கு ஏதாவது கேட்லாக்கில் அது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறென்ன இருக்கிறது?

ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிற பிள்ளைகளில் யாராவது ஐம்பது வருஷக் கேட்லாக்குகளைப் புரட்டி, திருவிதாங்கூர்ப் பொருள்களுக்கு மட்டும் ஒரு பட்டியல் போடட்டும். புத்தகமாக வந்தால் முதல் பிரதி எனக்கு.