நொறுங்கிய பியானோவும் விளக்கான தவிலும்

இசைக்கருவிகளை அடித்து நொறுக்கி, சீவி, எரித்துச் சிற்பம் செய்த ஒருவர் இருந்தார். பெயர் அர்மான். 1928-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர், 2005-ல் நியூயார்க்கில் காலமானார். அவருடைய சிற்பங்களின் படங்களை நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களிடம் காட்டினால் முதலில் வருவது கோபம். 'சரஸ்வதியை உடைக்கிறானே, இவன் விளங்குவானா?' என்பார்கள். வீணையில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர், கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அதில் பாதிக் கோபம் விலாசம் தவறிப் போகிறது என்பது என் கட்சி.

அர்மானின் அப்பா பழம்பொருள் வியாபாரி, செல்லோவும் வாசிப்பார். கருவிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, அதன் அருமை தெரியாமல் உடைத்ததாகச் சொல்ல முடியாது. 1962-ல் ஒரு பியானோவை நொறுக்கி, சிதறிய கட்டைகளையும் கம்பிகளையும் ஒரு பலகையில் பதித்து, 'ஷோபினின் வாட்டர்லூ' என்று பெயர் வைத்தார் (ஷோபின் பியானோ இசை மேதை, வாட்டர்லூ நெப்போலியன் தோற்ற களம்). பாரிஸின் பொம்பிடு மையத்தில் இருக்கிறது. வயலின்களைத் துண்டு துண்டாக அறுத்து விரித்து வைத்தார். எரித்த கருவிகளைப் பிசினுக்குள் உறைய வைத்தார். ஐரோப்பாவில் பியானோ ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய பொருள். வசதியான வீட்டுக் கூடத்தில் ஒன்று நிற்பது அந்தஸ்து, வாசிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. அவர் சம்மட்டி விழுந்தது அந்த அந்தஸ்தின் மேல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பிடிக்கிறதா என்றால், நறுக்கிய வயலின்கள் பிடிக்கும். பியானோ அவ்வளவாக இல்லை, கொஞ்சம் சத்தம் அதிகம்.

அதையே இங்கே ஒருவர் வீணையில் செய்தால் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். காரணம் பக்தி இல்லை. தஞ்சாவூர் வீணையே ஒரு சிற்பிவேலை. முற்றிய பலா மரத்தில் குடத்தைக் குடைந்து, நீண்ட கழுத்தான தண்டியைச் செதுக்கி, நுனியில் யாளி முகம் வைக்கிறார்கள். ஒரே மரத்தில் முழுசாகக் குடைந்தால் ஏகாந்த வீணை. அப்படி அடிமரம் கிடைப்பது அபூர்வம் என்பதால் ஒட்டு வீணைதான் பெரும்பாலும். அப்புறம் மேளம் கட்டுவது, அதாவது விரல் வைத்து அழுத்தும் மெட்டுகளைப் பதிப்பது. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சி, தண்டியின் இரு விளிம்பிலும் மெழுகுச் சட்டம் போட்டு, 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு அந்த மெழுகில் உட்கார வைப்பார்கள். ஒரு மெட்டு இம்மி நகர்ந்தால் சுருதி போச்சு. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரைச் சிற்பி என்று சொல்ல இன்னும் யாருக்கும் வாய் வரவில்லை.

நாகஸ்வரம் இதைவிட விசேஷம். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பச்சை மரம் ஆகாது, வெடித்துவிடும். அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குக் கூரை தாங்கிய மரம், துளை போட்டுக்கொண்டு கல்யாணியும் தோடியும் பாட ஆரம்பிக்கிறது. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி, நீளமான பாரி நாகஸ்வரத்தைச் சீர்ப்படுத்திக் கொடுத்ததும் இந்த ஊரில்தான். பழைய பொருளை எடுத்து வேறொன்றாக்குவது நமக்குப் பாரிஸ் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. அர்மான் வாசிக்கிற பொருளை வாசிக்க முடியாததாக்கினார். இவர்கள் சும்மா கிடந்த உத்தரத்தை வாசிக்க வைக்கிறார்கள்.

விலாசம் தவறிய அந்தப் பாதிக் கோபம் போயிருக்க வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறேன். டெல்டாவில் பாரம்பரியம் என்று சொல்லி வாடகை வாங்கும் ஒரு விடுதியில், வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு தவிலைக் குறுக்கே அறுத்து, உள்ளே பல்பு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பலாக் கட்டையின் மேல் வார் அழுந்திய தடம் வரி வரியாக அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கட்டை கருத்து மினுங்குகிறது, வாசித்தவருடைய கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிய இடம். அதன் மேலேயே ஆணி அடித்து ஒயரை இழுத்திருக்கிறார்கள். யார் வாசித்தது என்று மேலாளரிடம் கேட்டேன். 'டெக்கரேட்டர் கொண்டாந்தது சார், நல்லா இருக்குல்ல?' என்றார்.

அர்மான் உடைத்ததை உடைத்தது என்றே காட்டினார், அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். இந்த விளக்குக்குக் கீழே யார் பெயரும் இல்லை. அதைப் பார்த்து நம்மில் ஒருத்தருக்கும் கோபம் வருவதில்லை, நின்று செல்ஃபி எடுக்கிறோம். வீட்டிலும் அதே கதைதான். பாட்டியின் வீணை உறை போட்டுப் பரணில் கிடக்கும். சரஸ்வதி பூஜைக்கு இறங்கும், சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும், திரும்ப ஏறிவிடும். மெழுகு வெடித்து மெட்டு ஆடுவதைக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். சம்மட்டியே இல்லாமல் நடக்கிற காரியம் இது.

நம்ம பழைய சிற்பிகளின் புத்தியே வேறு. கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலில் கல்லாலேயே நாகஸ்வரம் செய்து வைத்திருக்கிறார்கள். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். (கண்டவன் எல்லாம் தட்டித் தட்டி, கடைசியில் கம்பிக் கூண்டு போட வேண்டியதாயிற்று.)

அப்படியானால் இசைக்கருவியில் சிற்பமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அரை மணி நேரத்தில் நரசிங்கம்பேட்டை. கடையும்போது வெடித்துப்போன உலவு (நாகஸ்வரத்தின் குழல்), குடைகையில் பிளந்த வீணைக் குடம், ஓட்டை விழுந்த தவில் கட்டை இதையெல்லாம் ஒரு மாணவர் எடுத்து நிமிர்த்தி வைத்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். ஒரே ஒரு நிபந்தனை: அறுப்பதற்கு முன்னால் செய்த ஆசாரியிடமோ வாசித்த வித்வானிடமோ காட்டிக் கேட்க வேண்டும், இதைச் சரிபண்ண முடியுமா என்று. முடியும் என்றால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். முடியாது என்றால் அவர் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும், சிற்பியின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

அந்த விடுதிக்காரர் இதைப் படித்தால், குறைந்தபட்சம் தவில் எந்த ஊரிலிருந்து வந்தது என்றாவது விசாரித்து வைக்கட்டும். அடுத்த முறையும் வந்து கேட்பேன்.