மே மாதத்திலும் அதே பால் டீயா?

அக்னி நட்சத்திர வெயிலில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய அனலை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அப்போதும் நம் கையில் இருப்பது மார்கழிப் பனியில் குடித்த அதே பால் டீதான். எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு.

ஜப்பானில் கோடை வந்தால் வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து, குளிரவைத்துக் குடிக்கிறார்கள். முகிச்சா என்று பெயர். கொரியாவில் அதுவே போரிச்சா. அதில் தேயிலை இல்லை, அதனால் காஃபீனும் இல்லை. சென்ற ஆண்டிலிருந்து எங்கள் வீட்டிலும் செய்கிறோம். இரும்பு வாணலியில் இரண்டு கைப்பிடி பார்லியைச் சிறு தீயில், காபிக்கொட்டை நிறம் வரும்வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். ஒன்றிரண்டு மணிகள் வெடிக்கத் தொடங்கும்போது, சத்துமாவுக்குத் தானியம் வறுக்கும் வாசனை வீடு முழுக்கப் பரவும். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதித்தால் போதும். வடிகட்டி ஆறவைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சர்க்கரை சேர்த்துக் கெடுக்காதீர்கள்.

கிரீன் டீ கசக்கிறது என்று ஒதுக்குபவர்களில் பலர் அதைப் பால் டீ போலக் கொதிக்கவிடுபவர்கள். குன்னூர் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான், பக்குவம்தான் வேறு. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, சுமார் 80 டிகிரியில் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள். கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் எனக்குப் பிடித்தது, இலையைப் பாதி மட்டும் காற்றில் கறுக்கவிட்டுச் செய்யும் ஊலாங் தேநீர். நாக்கில் படிந்த கொழுப்பைத் துடைத்துவிடும்.

ஆனால் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்ட கையோடு எந்தத் தேநீரும் வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது பொறுங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். களிக்கு மோர் போதும்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கு இஞ்சி தட்டிய பால் டீயோ சுக்குமல்லிக் காபியோதான் சரி. அங்கே எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

இந்தக் கோடையில் பார்லிக்குப் பதில் நம் கேழ்வரகை வறுத்துப் பார்க்கப்போகிறேன். முன்பே செய்தவர்கள் இருந்தால், எந்த நிறம்வரை வறுத்தீர்கள் என்று எழுதுங்கள்.