‘இன்னும் 7 நாள்’ என்று போடுவதற்கு முன்

ஜூன் விடுமுறை நெருங்கினால் ஆஸ்திரேலியப் பனிச்சறுக்குத் தளங்கள் திறக்கும் நாளுக்கான கவுண்ட்டவுன் சிங்கப்பூரிலும் நம் திரையில் ஓட ஆரம்பிக்கும். நவம்பர் வந்தால் ஜப்பானின் ஹொக்கைடோ. அதைப் பார்த்து நம் ஊர்ப் பயண முகவர்களும் நீலப் பின்னணியில் ‘இன்னும் 10 நாள்’, ‘இன்னும் 9 நாள்’ என்று வரிசையாகப் போடுகிறார்கள். மூன்றாம் நாளே யாரும் நின்று பார்ப்பதில்லை. எண் குறைவதைத் தெரிந்துகொள்ள நாள்காட்டி போதும். மலையில் என்ன கூடியிருக்கிறது என்பதைத்தான் பதிவு காட்ட வேண்டும்.

நமக்கு இது பழகிய விஷயம். முளைப்பாரி போட்டு எத்தனை நாளாயிற்று என்று யாரும் சொல்ல வேண்டாம், பயிரின் உயரமே சொல்லிவிடும். பனிமலையில் அந்த வேலையைச் செய்வது சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு கம்பம். எதிரே ஒரு கேமராவை அசையாமல் பொருத்தி, தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்தால் போதும். அங்கிருக்கும் விடுதிக்காரரிடம் கேட்டால் கைபேசியிலேயே எடுத்து அனுப்புவார். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 முதல் +1 வரை ஏற்றிப் பூட்டச் சொல்லுங்கள். தானியங்கியில் விட்டால் கேமரா வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும், பத்துப் படமும் பத்து விதமாக வரும். பனிப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம், கருநீலப் பட்டை போட்டு எழுதுங்கள்.

பனி இன்னும் விழவில்லையா? அப்போதும் சொல்ல நிறைய இருக்கிறது. செயற்கைப் பனி செய்வதற்கு வெறும் குளிர் போதாது, ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தையும் கணக்கில் சேர்க்கும் அளவு) சுமார் -2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் 0 டிகிரியிலும் பனி பீச்சலாம். ஈரம் நிறைந்திருந்தால் -1 டிகிரியிலும் முடியாது. வியர்வை காயாத சிங்கப்பூர்க்காரருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரு நாள் இதை வையுங்கள். இன்னொரு நாள், மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலி லிஃப்ட் நின்றுபோனால் அதிலிருந்து ஆட்களைக் கயிற்றில் இறக்கும் மீட்புப் பயிற்சி. சில லிஃப்ட்டுகளில் தண்ணீர்ப் பீப்பாய்களை நாற்காலிகளில் ஏற்றி பிரேக்கைச் சோதிப்பார்கள், அந்தக் காணொளி கிடைத்தால் விடாதீர்கள்.

பலர் தடுக்கி விழுவது தேதியில்தான். ஆஸ்திரேலியாவில் ஜூன் இரண்டாம் திங்களன்று வரும் மன்னர் பிறந்தநாள் விடுமுறையையொட்டிய வாரயிறுதியில் பருவம் தொடங்கும், பனி போதாவிட்டாலும் விழா நடக்கும். அங்கே நாள் எண்ணலாம். ஆனால் எத்தனை லிஃப்ட் ஓடும் என்பதைக் கடைசி வாரத்தில் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள அரப்பஹோ பேசின், லவ்லேண்ட் போன்ற இடங்களில் முதலில் திறப்பது யார் என்று அக்டோபரில் போட்டியே நடக்கும். பனி சேர்ந்த பிறகுதான் தேதி சொல்வார்கள். அங்கே நாளை எண்ணாதீர்கள், பனி பீச்சிய இரவுகளை எண்ணுங்கள். குறைவதை விட்டுக் கூடுவதை எண்ணினால் திறப்பு தள்ளிப்போனாலும் தொடர் உடையாது.

இன்ஸ்டாகிராம் ஸ்டோரியின் கவுண்ட்டவுன் ஸ்டிக்கரையும் தேதி உறுதியான பின்பே ஒட்டுங்கள். நினைவூட்டல் கேட்டவர்களுக்கு அந்த நேரத்தில் அறிவிப்பு போய்விடும். எல்லாப் பதிவுகளையும் முன்கூட்டியே நேரம் குறித்து வைப்பது அதைவிட ஆபத்து. திறப்பு தள்ளிப்போனதை அறியாமல் ‘நாளை திறப்பு’ தானாக வெளியாகும். கடைசி மூன்றைக் கையாலேயே போடுங்கள்.

முகநூல் பதிவுகளைக் கால வரிசையில் காட்டுவதில்லை. ‘இன்னும் 3 நாள்’ என்பது ஒருவர் கண்ணில் படும்போது ஒரு நாள்கூட மீதியிருக்காது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஜூன் 6, சனி’ என்று தேதியும் கிழமையும் இருக்கட்டும். நேரம் எழுதினால் சிங்கப்பூர் நேரமும் சேருங்கள். ஜூனில் மெல்பர்ன் நமக்கு 2 மணி முன்னால், ஜப்பான் 1 மணி முன்னால், அக்டோபரில் கொலராடோவின் காலை 9 நமக்கு இரவு 11. திறப்பு நாளை 0 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் பிசகும். வார்ப்புருவில் ‘நாட்கள்’ வேண்டாம், கடைசியில் ‘1 நாட்கள்’ என்று வந்து நிற்கும். ‘நாள்’ எல்லா எண்ணுக்கும் பொருந்தும். சில செயலிகளில் ‘கொ’, ‘போ’ சிதறும், ஏற்றுமதி செய்த படத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முப்பது நாளும் போட வேண்டியதில்லை. 30, 21, 14, 10, 7, பிறகு 5 முதல் தினமும். திறப்பு நாள் பதிவு தவிர பத்துப் பதிவு தாராளம். இங்கிருந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வேலை கொடுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுமா, காப்புறுதியில் பனிச்சறுக்கு விபத்து உண்டா, பனிச்சறுக்குச் சாதன வாடகைப் படிவத்துக்கு ஒவ்வொருவரின் உயரம், எடை, வயது, சென்டிமீட்டரில் பாத நீளம். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்து எழுதக் கூடாது என்பதைத் தனிப் பதிவாகவே போடலாம். விழும்போது காலணி பலகையிலிருந்து எந்த விசையில் கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள், தவறானால் முழங்காலுக்குக் கேடு.

டிசம்பர் முதல் வாரத்தில் ஹொக்கைடோ போகிறவர்களிடம் மலையின் ஒரு பகுதிதான் திறந்திருக்கலாம் என்று 14ஆம் எண்ணிலேயே சொல்லிவிடுங்கள். 0 அன்று வாழ்த்துப் படம் வேண்டாம். அன்று காலை எடுத்த கம்பத்தின் படம், ஓடும் லிஃப்ட்டுகளின் எண்ணிக்கை, புதியவர்களுக்கான சரிவு திறந்ததா என்ற ஒரு வரி. அந்தப் பதிவைப் பக்கத்தின் மேலே பின் செய்து வையுங்கள்.