கூட வித்து போட்டால் பெரிய பளிங்கு வராது

புரதக் கரைசலில் பளிங்கு (படிகம்) வளர்ப்பது பற்றி மேலே தம்பி ஒருவர், "வித்துப் பளிங்கு போட்டால் எந்தப் புரதமும் பளிங்காகும், கூடப் போட்டால் பெரிசா வளரும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் பிழை. வித்து என்றால், பளிங்கு வளரத் தொடங்குவதற்காகப் போடும் சின்னப் பளிங்குத் துணுக்கு. வித்துப் போடும் புரதத் துளி நிரம்பாத கரைசலாக (இன்னும் புரதம் கரையக்கூடியதாக) இருந்தால் போட்ட வித்தே கரைந்துவிடும். புதுக் கரு (பளிங்கின் முதல் தொடக்கம்) தானாக உருவாகாத, ஆனால் இருக்கிற பளிங்கு வளரக்கூடிய ஒடுங்கிய செறிவு வலயத்தில்தான் வித்து ஒழுங்காக வேலை செய்யும். கூடப் போட்டால் உள்ள புரதத்தை எல்லா வித்தும் பங்குபோட்டு, எக்ஸ்-கதிரால் புரதத்தின் அமைப்பைப் பார்க்க உதவாத பொடிப் பளிங்குகள்தான் மிஞ்சும். அதனால்தான் நொறுக்கிய வித்தை 10, 100, 1000 மடங்கு என்று ஐதாக்கிப் பார்க்கிறார்கள், அதுவும் தண்ணீரில் இல்லை, வீழ்படிவாக்கி (புரதத்தைக் கரைசலில் இருந்து வெளியே வரச்செய்யும் உப்புப் போன்ற பொருள்) உள்ள கரைசலில். முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் என்ற புரதத்தில் பழகுகிறவர்கள் வெப்பநிலையையும் கவனியுங்கோ: சூடு ஏற அதன் கரைதிறன் கூடும். கொழும்பு வெக்கைக்குள் இரவு ஏசியை நிப்பாட்டிவிட்டுப் போனால், காலையில் வித்து கரைந்து போயிருக்கலாம்.